முதுகில் ஒட்டிக்கொண்ட மலை

1

இந்தக் கதை ஒரு ஸ்வெட்டரில் தொடங்கியது. மெரூன் நிறம், முன்பக்கம் ஐந்து பொத்தான். என் தங்கை ஜோவிதா நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போவதற்கு முந்தின மழைக்காலத்தில் பின்னிக் கொடுத்தது. இந்த ஜூன் மாதம் அதன் முதுகில் பச்சைப் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய், டர்பன்டைன், பக்கத்து வீட்டில் சொன்ன எலுமிச்சம்பழம், எதற்கும் மசியவில்லை. போகாத கறையைக் கதையாகவாவது ஆக்கிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கதை பிறந்த கதை இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்று எழுதும்போதே கை கொஞ்சம் தயங்கியது. அதைப் பிறகு பார்க்கலாம்.

என் பெயர் பியாட்ரிஸ். கூடலூரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். வீடு, ஊட்டியிலிருந்து கூடலூருக்கு இறங்கும் சாலையில், நடுவட்டத்துக்குக் கொஞ்சம் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் கதையில் வராதவர்கள் வந்து, "என்னைய ஏன் டீச்சர் போடல?" என்பார்கள். வந்தவர்கள் வந்து, "ஏன் போட்டீங்க?" என்பார்கள்.

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

(அ) பனி மூடிய மலைச்சரிவில் ஓர் இளம்பெண் தூரிகையுடன்

வேண்டாம். எங்கள் ஊரில் யாரும் தூரிகை என்று சொல்லி நான் கேட்டதில்லை. பிரஷ். தவிர, இது காலண்டர் படத்துக்கு எழுதின மாதிரி இருக்கிறது.

(ஆ) ஐயா, வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நான்,

இது வேறொரு காகிதத்தில் இருக்க வேண்டியது. இந்த நோட்டில் எப்படி வந்தது என்று பிறகு சொல்கிறேன். இப்போதைக்குக் கண்டுகொள்ளாதீர்கள்.

(இ) சுவாதிக்கு இருபத்திரண்டு வயது. ஊர் அவளை விட்டுக்கொடுக்கவும் இல்லை, சும்மா விடவும் இல்லை.

இது பரவாயில்லை. இங்கிருந்தே போகலாம்.

2

சுவாதியின் அம்மா ரஞ்சனி எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறார். இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு இங்கே வந்து சேர்ந்த குடும்பம். சுவாதி பிறந்தது, வளர்ந்தது எல்லாம் எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில். ஆறாவதிலிருந்து பத்தாவது வரை என்னிடம் கணக்குப் படித்தாள். படித்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. தேற்றத்தை நிறுவு என்று பரீட்சையில் கேட்டால், தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும் என் கையை வரைந்து வைப்பாள். சாக்பீஸ் பிடித்த விரல்கள், ஒற்றை வளையல், கைக்கடிகாரத்தில் பதினொன்று இருபது, எல்லாம் அச்சாக இருக்கும். பூஜ்யம் போட்டேன். ஆனால் அந்தத் தாளை மட்டும் திருப்பிக் கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.*

* இன்னும் பீரோவில் இருக்கிறது. அவளிடம் சொன்னதில்லை.

கும்பகோணத்தில் ஓவியம் படித்துவிட்டுப் போன வருடம் திரும்பி வந்தாள். ஊர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. மாதா சிலை நிற்கும் கெபிக்கு நீலம் பூச வேண்டுமா, சுவாதி. ஜீப்புக்கு நம்பர் எழுத வேண்டுமா, சுவாதி. ஷிஜோவின் டீக்கடையில் பரோட்டா படம் போட வேண்டுமா, அதற்கும் சுவாதி. எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். உனக்கு என்ன வரையத் தோன்றுகிறதோ அதை வரை என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. நானும்தான்.

பெங்களூரில் ஒரு கம்பெனி அவளை வேலைக்குக் கூப்பிட்டிருந்தது. செல்போன் விளையாட்டுகளுக்கு மரமும் பாறையும் வரைகிற வேலை. அவள் அம்மாவிடம் சொன்னது இது: "நம்ம ஊர்ல என் இஷ்டத்துக்கு ஒரு சுவரு வரையறேன்மா. ஊரு அத வெச்சுக்கிச்சுன்னா நான் இங்கயே இருந்து வரைவேன். இல்லேன்னா பெங்களூர் போயிர்றேன். அப்புறம் என்னைய இங்க கூப்பிடாத."

அவள் கேட்டது பஸ் ஸ்டாப் சுவர். எங்கள் நிழற்குடையைக் கட்டியவர் பள்ளத்தாக்கைப் பார்த்தால் பயப்படுகிற ஆள் போலிருக்கிறது. அதன் பின்பக்கம் மொத்தமாகச் சுவர். அந்தச் சுவருக்கு அப்பால்தான் தேயிலைச் சரிவும், ஃபேக்டரியின் புகைபோக்கியும், லைன் வீடுகளும், கீழே கூடலூர் வரை இறங்கும் காடும் இருக்கின்றன. சுவர் மறைத்துக்கொண்டிருக்கும் மலையைச் சுவர்மேலேயே வரைவது, அதுதான் சுவாதியின் யோசனை.

கவுன்சிலர் முத்துவேல் ஷிஜோ கடையில் டீயை ஆற்றிக்கொண்டே, "தாராளமா வரையுங்க கண்ணு, நான் பாத்துக்கிறேன்" என்றார். பக்கத்து பெஞ்சில் நான் உட்கார்ந்திருந்தேன். என் காதால் கேட்டேன். இந்த ஒரு வரியை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

3

மே மாதக் கடைசியில் ஆரம்பித்தாள். ஜூன் இரண்டாம் வாரம் முடித்தாள். அவள் செய்த தப்பு அதுதான். எங்கள் ஊரில் ஜூன் மாதம் துவைத்துப் போட்ட சாக்ஸ் ஆகஸ்டில் காய்ந்தால் அதிர்ஷ்டம். மேகம் ரோட்டில் நடந்து வந்து பஸ்ஸுக்கு நிற்கிற ஊர். அந்தச் சுவரில் எனாமல் பெயிண்ட் எப்படிக் காயும்?

'பெயிண்ட் ஈரம், சாயாதீர்கள்' என்று அட்டை எழுதி மாட்டினாள். அட்டையை எல்லோரும் படித்தோம். படித்துவிட்டு அவரவர் இடத்தில் சாய்ந்துகொண்டோம். வருடக்கணக்கான பழக்கம். வலது ஓரம் இலங்கையிலிருந்து வந்த பொன்னுத்துரை தாத்தா, நடுவில் ரேஷன் கடை அம்சவேணி, இடது தூணுக்குப் பக்கத்தில் நான். இடம் மாறி நின்றால் பஸ்ஸே வராது என்பதுபோல நிற்போம். ஈரம் உறைக்கவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். ஜூன் மாதத்தில் எங்கள் முதுகு எப்போதும் ஈரம்தான். மழை ஈரமா, மேக ஈரமா, பெயிண்ட் ஈரமா என்று யார் பிரித்துப் பார்ப்பது?

ஒரு திங்கட்கிழமை காலை ஏழு நாற்பது பஸ். உட்கார இடமில்லை. எனக்கு முன்னால் நின்ற பொன்னுத்துரையின் கறுப்புக் கோட்டில் ஒரு துண்டுக் காடு. அவருக்கு முன்னால் ஒரு சால்வையில் அரை வானம். இறங்கப் போன அம்சவேணியின் முதுகில் ஒரு தேயிலைப் பாத்தி. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

அம்சவேணி திரும்பி வந்து என் முதுகைப் பார்த்தார். சத்தமாகச் சொன்னார்: "ஏனுங்க டீச்சர், ஃபேக்டரியும் ஆறு லைன் ஊடும் உங்க முதுகுலதான் இருக்குதுங்க! வாடக வாங்குறீங்களா?"

பஸ்ஸே சிரித்தது. கண்டக்டர் சிரித்தார். ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படிக்கும் மூன்று பெண்கள், கடைசி சீட்டில், குனிந்துகொண்டு சிரித்தார்கள். அன்று முழுக்க வகுப்பில் நான் கரும்பலகைப் பக்கம் திரும்பவே இல்லை.

4

இங்கே ஒரு வில்லன் வேண்டும். வராமல் கதை நகராது. அவர் பெயர் அம்புரோஸ்.

அம்புரோஸ் எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதிலும் குற்றம் பார்ப்பவர். கோயில் மணி ஒரு நிமிடம் தாமதமாக அடித்தாலும் பங்குத்தந்தைக்குக் கடிதம் போடுவார். அவருடைய கோட்டிலும் பெயிண்ட் ஒட்டியது. அன்றே பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதினார்: 'பொதுச் சொத்தான பயணியர் நிழற்குடைச் சுவரில் எவ்வித அனுமதியுமின்றி ஒரு பெண் பெயிண்ட் பூசி, பொதுமக்களின் உடைமைக்குச் சேதம் விளைவித்துள்ளார்.'

[அம்புரோஸுக்கு மீசை வைக்கலாமா? கைத்தடி? இரண்டும் வேண்டாம். ஏற்கெனவே ஆள் நம்பும்படி இல்லை.]

மனு வேலை செய்தது. பத்து நாளில் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுத்துப்பூர்வ அனுமதி ஏதும் இல்லாததால், பதினைந்து நாளில் சுவர் வெள்ளையடிக்கப்படும்.

முத்துவேல் தலையைச் சொறிந்தார். "நாஞ் சொன்னது வாய் வார்த்தைதானுங்க. மனுப் போட்டவிங்களே வாபஸ் வாங்குனாத்தான் ஃபைல மூட முடியும்னு ஆபீஸ்ல சொல்றாங்க."

போட்டவர் யார் என்று அவர் சொல்லவில்லை. ஷிஜோ கடையில் ஆளாளுக்கு ஒரு பெயரைச் சொன்னார்கள். அம்புரோஸின் பெயரை யாரும் சொல்லவில்லை. நான், "யாரா இருக்கும்?" என்று கேட்டுவிட்டு இன்னொரு டீ சொன்னேன்.

5

வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஊர் அந்தச் சுவரை நேராக நின்று பார்த்தது.

பச்சை மலை. அதில் பதினொரு இடங்களில் பெயிண்ட் உரிந்து, அடியில் பூசியிருந்த வெள்ளை தெரிந்தது. ஒவ்வொன்றும் ஒரு முதுகின் அளவு. பெயர் எழுதாமலே யாருடையது என்று தெரிந்தது. கூன் விழுந்த வளைவு பொன்னுத்துரை. அகலமானது அம்சவேணி, அதை அவரே சொல்லிச் சிரித்தார். இடது தூணுக்குப் பக்கத்தில், கைப்பையின் கனத்தால் ஒரு பக்கம் சரிந்து, ஒல்லியாக ஒன்று. என்னுடையது.

சுவாதி ஒரு மதியம் டப்பாவோடு வந்தாள். வெள்ளையடித்தாலும் அடிக்கட்டும், அதுவரையாவது படம் முழுசாக இருக்கட்டும் என்று ஓட்டைகளை அடைக்க நினைத்தாள். பொன்னுத்துரை போய்க் குறுக்கே நின்றார்.

"அது நான் நிக்கிற எடம் பிள்ள. அழிச்சிராத."

"தாத்தா, அங்க காடு வரணும்."

"காடு அந்தா பின்னாலயே கெடக்கே. அம்பது வருஷமா நான் இந்த பஸ் ஹோல்ட்ல நிக்கிறேன். எனக்குன்னு ஊர்ல இருக்கிற ஒரே படம் இது."

அம்சவேணியும் சேர்ந்துகொண்டார். "என்ற முதுகையும் உட்டுரு கண்ணு." பக்கத்துக் கடைக் கல்லாவை விட்டு, மலையாளம் கலந்து பேசும் ஷிஜோ எழுந்து வந்தார். "மோளே, என்டெ முதுகு எவிடெ? நான் சாயவே இல்லையே! எனக்கும் ஒண்ணு வை."

இங்கே சுவாதி நெகிழ்ந்து கண்ணீர் விட்டாள் என்று எழுதினால் கதைக்கு வசதி. எழுதியும் பார்த்தேன்.

சுவாதியின் கண்கள் நிறைந்தன. இந்த ஊர் தன்னை

இல்லை. அவளுக்குக் கோபம்தான் வந்தது. நான் பார்த்தேன். "நான் வரைஞ்சது மலைய. நீங்க எல்லாரும் சேர்ந்து உங்க முதுக வரைஞ்சு வெச்சிட்டு, அதத்தான் நல்லா இருக்குங்கிறீங்க. பரோட்டா வரை, கெபிக்கு நீலம் அடி, இப்ப என் முதுக அழிக்காத. என் படம் எங்க இதுல? அடிக்கட்டும், வெள்ள அடிக்கட்டும். எனக்கே இது வேண்டாம்."

டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அவர்கள் கேட்டதிலும் இருந்தது. நோட்டீஸ்படி இன்னும் ஆறு நாள் பாக்கி.

6

அந்த வாரச் சனிக்கிழமை மதியம் இந்தக் கதையை, நீங்கள் இதுவரை படித்தது வரைக்கும், எடுத்துக்கொண்டு லைன் வீட்டுக்குப் போனேன். அவளைப் பற்றி எழுதியதை அவளிடம் காட்டுவது நியாயம் என்று சொல்லிக்கொண்டேன். உண்மையில் அவள் பெங்களூர் போகாமல் தடுக்க என்னிடம் வேறு ஒன்றும் இல்லை.

ரஞ்சனி கட்டிலில் கம்பளியை விரித்து உட்காரச் சொன்னார். சுவாதி வாசற்படியில் உட்கார்ந்து நோட்டை மெதுவாகப் படித்தாள். பூஜ்யம் போட்ட தாளைப் பற்றிய இடத்தில் நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். நான்காம் பகுதியில் நின்றாள்.

"இந்த அம்புரோஸ் யாரு டீச்சர்?"

"கற்பனை. கதையில அப்பிடித்தான் ஆள் சேத்துவாங்க."

"மனுவும் கற்பனையா?"

நான் கம்பளியின் நூல் ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கே முத்துவேல் அண்ணன், கீழ இருந்த பேர மட்டும் மறைச்சு, அந்த மனுவ எங்கிட்டக் காட்டினாரு. 'எவ்வித'ல ஒரு சுழி போட்டிருந்துச்சு, கொக்கி மாதிரி உள்ளுக்கு இழுத்து. அஞ்சு வருஷம் போர்டுல பாத்த கை டீச்சர். வரைஞ்சுகூட வெச்சிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

ஆக, நோட்டீஸ் ஒட்டிய நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான் காலையில் எதிரே வரும்போதெல்லாம் வணக்கம் சொல்லியிருக்கிறாள்.

சரி, வாசகரே, உங்களிடமும் சொல்லிவிடுகிறேன். அம்புரோஸ் என்று யாரும் இல்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் சிரித்த அன்றே, மதிய இடைவேளையில், ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து மனுவை எழுதியவள் நான். முத்துவேல் அனுமதி கொடுத்ததைக் காதால் கேட்டவள், 'எவ்வித அனுமதியுமின்றி' என்று எழுதினேன். ஸ்வெட்டருக்காக இல்லை. சிரித்ததற்காக. ஊர் என்னைப் பார்த்துச் சிரித்ததற்கு, அந்த ஊரை முழுசாகப் பார்த்து வரைந்த பெண்ணைப் பழிவாங்கினேன். வெட்கமாக இருக்கிறது. எப்படி எழுதினாலும் இது வெட்கமாகத்தான் இருக்கிறது.

ரஞ்சனி அடுப்படியிலிருந்து என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். டீயைக் கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, "இவளோட அப்பாவும் வேலைய விடுறேன்னு கோவத்துல ஒரு லெட்டர் எழுதினாருங்க. திருப்பி வாங்கப் போகல. அதாங்க அவருக்குத் தப்பாப் போச்சு" என்றார். பிறகு கொழுந்துக் கூடையின் கயிற்றை எடுத்து முடிச்சைச் சரிபார்க்க ஆரம்பித்தார்.

"அந்த நாலாம் பகுதியக் கிழிச்சுப் போட்டுர்றேன் சுவாதி" என்றேன். "முதல்லயே ஒழுங்கா எழுதிர்றேன்."

அவள் நோட்டைத் தரவில்லை. அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேண்டாம் டீச்சர். இருக்கட்டும். அது நீங்க சாஞ்ச எடம்."

சொல்லிவிட்டு நோட்டை மடியில் கவிழ்த்து வைத்தாள். பொன்னுத்துரையின் வார்த்தை தன் வாயில் வந்ததைத் தானே கேட்டுவிட்டாள் என்று நினைக்கிறேன். வெளியே மேகம் விலகி ஃபேக்டரியின் புகைபோக்கி பாதி தெரிந்தது.

எனக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. முடிவு கிடைத்துவிட்டதே! "அப்படீன்னா கேளு. அந்த வெள்ளை எடத்துல எல்லாம் ஆளுகள வரை. முதுகு காட்டிட்டு, மலையப் பாத்து நிக்கிற மாதிரி. பதினொரு பேரும். எப்படி?"

சுவாதி சிரித்தாள். ஒரு மாதத்தில் முதல் தடவை. "கதைக்கு நல்லாருக்கும் டீச்சர். சுவத்துக்கு நல்லாருக்காது."

"பின்னே என்ன பண்ணப் போற?"

"தெரியல. முதல்ல மனு."

7

அந்த இரண்டாம் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? கண்டுகொள்ளாதீர்கள் என்றேனே, அதுதான். உண்மையில் இந்த நோட்டைத் திறந்ததே அதை எழுதத்தான். நோட்டீஸ் ஒட்டிய வாரமே மனுவை வாபஸ் வாங்க உட்கார்ந்தேன். ஐந்து சொற்களுக்கு மேல் ஓடவில்லை. அடுத்த பக்கத்தில் ஸ்வெட்டரைப் பற்றி எழுத ஆரம்பித்துவிட்டேன். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளப் பயந்து ஒரு கதையை ஆரம்பித்திருக்கிறேன். இப்போது அதை முடிக்கிறேன்.

ஐயா, வணக்கம். கீழே கையொப்பமிட்டுள்ள நான், கடந்த மாதம் அளித்த மனுவில் 'எவ்வித அனுமதியுமின்றி' என்று எழுதியது பொய். அனுமதி வழங்கப்பட்டபோது நான் அருகில் இருந்தேன். மனுவைத் திரும்பப் பெறுகிறேன். எனது ஸ்வெட்டருக்குச் சேதம் ஏதுமில்லை.

திங்கட்கிழமை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதோடு விட்டிருக்கலாம். ஷிஜோ கடையில் டீ சொல்லிவிட்டு, நின்றுகொண்டே எல்லோரிடமும் சொன்னேன்.

அம்சவேணிதான் பேசினார். "எனக்கும்தானுங்க அன்னிக்கு வாயி நீளம். ஆனாலும் டீச்சர், ஒரு சிரிப்புக்கு எழுதறதுன்னா கொஞ்சம் சின்னதா எழுதக் கூடாதுங்களா?" இப்போது ஊரில் எனக்கு 'மனு டீச்சர்' என்று பெயர். கொஞ்ச நாள் இருக்கட்டும், எனக்கு வேண்டியதுதான்.

ஃபைல் மூடப்பட்டது. நோட்டீஸை மழையே உரித்துவிட்டது. சுவாதி பெங்களூர்க்காரர்களிடம் அக்டோபர் வரை நேரம் கேட்டிருக்கிறாள். கொடுத்திருக்கிறார்கள். செப்டம்பரில் எப்படியும் ஒரு வாரம் வெயில் அடிக்கும், அந்த வாரத்தில் சுவர் காய்ந்துவிடும், அதற்குப் பிறகு முடிவு சொல்கிறேன் என்கிறாள். இங்கேயே இருப்பாளா, போவாளா, எனக்குத் தெரியாது. இருப்பாள் என்று ஒரு வரியில் எழுதிவிட எனக்குக் கை துறுதுறுக்கிறது. அவளைக் கேட்காமல் அவளைப் பற்றி ஏற்கெனவே ஒன்று எழுதியவள் நான். இன்னொரு தடவை எழுத மாட்டேன்.

ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லலாம். காலையில் பஸ் ஸ்டாப்பில் சுவாதி நின்றிருந்தாள். கையில் சாக்பீஸ்.

"டீச்சர், அந்த ஸ்வெட்டரப் போட்டுட்டுத்தான் வந்திருக்கீங்களா?"

"ஆமா. ஏன்?"

"உங்க எடத்துல சாயுங்க."

சுவர் சில்லென்றிருந்தது. இடது தூணுக்குப் பக்கத்தில், பை ஒரு பக்கம் இழுக்க, எப்போதும்போல நின்றேன். சாக்பீஸ் தோளிலிருந்து ஆரம்பித்துக் கழுத்தைச் சுற்றித் தலைக்கு மேலே போய் மறுபக்கம் இறங்குவது கேட்டது. என் வகுப்பில் பதினொன்று இருபதுக்குக் கேட்கிற அதே சத்தம். பிறகு அது என்னை விட்டு விலகி எங்கேயோ நீளமாகப் போனது. பொன்னுத்துரை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். ஷிஜோ கடையை விட்டு வெளியே வந்தார். அம்சவேணி வாயில் கை வைத்தார்.

"என்ன வரையற?" என்றேன்.

"ஆடாதீங்க."

நான் சாய்ந்திருப்பதால் எனக்கு மட்டும் தெரியவில்லை. ஏழு நாற்பது பஸ் வளைவில் திரும்பி ஹாரன் அடித்தது. சுவாதி இன்னும் முடிக்கவில்லை. நான் நகர்வதாக இல்லை. அந்த பஸ்ஸில், ஜன்னலோர சீட்டில், இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நீங்கள் வந்தீர்கள் என்றே வைத்துக்கொள்கிறேன். கண்ணாடியில் படிந்த பனியைக் கையால் துடைத்துவிட்டுப் பாருங்கள். என் முதுகுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.